கனெக்ஷன் போகவில்லை என்றால், முதல் மூன்று பாக்கெட்டைப் பாருங்கள்

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு மளிகை மொத்தக் கடையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. "அண்ணா, நாலு கவுன்ட்டர்லயும் பில் போட முடியல, சர்வருக்குக் கனெக்ஷன் போகல" என்றார் அங்கே கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர். நான் போய்ச் சேர்வதற்குள் அவர் இரண்டு கேபிள்களை மாற்றியிருந்தார், கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சை மூன்று முறை அணைத்துப் போட்டிருந்தார், ஒரு கவுன்ட்டரில் பில்லிங் மென்பொருளை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவியிருந்தார். கைக்கு எட்டியதையெல்லாம் செய்து பார்த்த அவர், இணைப்பு கேட்டுப் புறப்பட்ட முதல் பாக்கெட்டுக்கு, அதாவது வலையமைப்பில் போகும் முதல் சிறு தரவுப் பொதிக்கு, என்ன பதில் வந்தது என்பதை மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மூன்று விடைகள்தான் உண்டு. மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களைக் காட்டும். அவற்றைப் பார்க்கவும் படிக்கவும் தெரிந்துகொள்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். கடையில் என்ன கோளாறு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். வழியில் வருவனவற்றைப் படித்தால் நீங்களே அதைக் கண்டுபிடித்துவிடக்கூடும்.

முதல் பாக்கெட் புறப்படும் முன்

பில்லிங் மென்பொருளோ உலாவியோ இணைப்பு வேண்டும் என்று இயங்குதளத்திடம் கேட்கும்போது இரண்டு விவரங்களைத் தருகிறது: எந்தக் கணினி, அந்தக் கணினியில் எந்தப் போர்ட். கணினியைப் பெயரால் குறித்திருந்தால் முதலில் டிஎன்எஸ் வழியாக அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரி தேடப்படும். முகவரி கிடைத்ததும், அது நம் உள்வலையமைப்பைச் சேர்ந்ததா வெளியே உள்ளதா என்று சப்நெட் மாஸ்க்கைக் கொண்டு கணக்கிடப்படும். உள்ளே இருந்தால், "192.168.1.10 யாரிடம் இருக்கிறது?" என்று வலையமைப்பு முழுவதற்கும் ஓர் ஏஆர்பி கேள்வி அனுப்பப்பட்டு, அந்த முகவரியை வைத்திருக்கும் கருவி தன் வன்பொருள் முகவரியைச் சொல்லும். வெளியே இருந்தால், இதே கேள்வி ரூட்டரின் முகவரிக்காகக் கேட்கப்படும். ஏஆர்பிக்கு விடை கிடைக்காதவரை இணைப்புக்கான பாக்கெட் கம்பியில் ஏறவே ஏறாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பெரிதாகப் பயன்படும்.

போர்ட் என்பது 0 முதல் 65535 வரையிலான ஓர் எண். சர்வர் மென்பொருள் ஒரு குறிப்பிட்ட எண்ணில் காது கொடுத்துக் காத்திருக்கும்: வலைத்தளத்துக்கு 80 அல்லது 443, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு 3306, வலையமைப்பில் இணைத்த பிரின்டருக்கு வழக்கமாக 9100. கேட்கும் கணினியும் தன் பக்கத்துக்கு ஒரு போர்ட் எண்ணை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பொதுவாக 49152க்கு மேற்பட்ட ஏதோ ஓர் எண்ணாக இருக்கும். இரண்டு முகவரிகளும் இரண்டு போர்ட்டுகளும் ஆகிய நான்கும் சேர்ந்தே ஓர் இணைப்பை மற்றோர் இணைப்பிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. நான்கு கவுன்ட்டர்கள் ஒரே சர்வரின் ஒரே போர்ட்டுக்கு ஒரே நேரத்தில் இணைந்தும் ஒருவர் பில் மற்றவர் பில்லோடு கலந்துவிடாததற்குக் காரணம் இதுதான்.

லைன் கிளியர்

இணைப்பு ஏற்படும் முறையை ஆங்கிலத்தில் மூன்று கட்டக் கைகுலுக்கல் என்கிறார்கள்; தமிழ்ப் பாடநூல்களும் அதையே எடுத்துக்கொண்டுவிட்டன. எனக்கு அந்த உவமை எப்போதும் திருப்தி தந்ததில்லை, ஏனெனில் கை குலுக்குவதில் எண்கள் இல்லை. இங்கே எண்கள்தான் எல்லாமே. எனக்குப் பழக்கமான வேறொன்றைச் சொல்கிறேன். என் மாமா ஒருவர் காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட், கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் என்று விழுப்புரம் வரை நீளும் ஒற்றைப் பாதையில், அது மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், நிலைய அதிகாரியாக வேலை பார்த்தவர். ஒரு ரயிலை அனுப்பும் முன் அடுத்த நிலையத்திடம் லைன் கிளியர் கேட்க வேண்டும். அந்தப் பேச்சில் பிரைவேட் நம்பர் என்ற ஒன்று பரிமாறப்படும். அது வரிசையில்லாமல் கலைத்து அச்சிட்ட தாளிலிருந்து எடுக்கப்படும் எண். வாங்கியவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார், கொடுத்தவர் தாளில் அடித்துவிடுவார். "சரி சரி" என்று எவரும் சொல்லிவிடலாம். நான் சொன்ன எண் உன் பதிவேட்டில் இருந்தால்தான் நீ கேட்டது என் பேச்சை, இன்று, இந்த ரயிலுக்காக என்பது உறுதியாகும் என்று மாமா விளக்குவார்.

கணினிகள் இணைப்பு ஏற்படுத்திக்கொள்ளப் பின்பற்றும் டிசிபி என்னும் நெறிமுறையும் இதைத்தான் செய்கிறது. கேட்கும் கணினி ஓர் எண்ணைத் தேர்ந்து, "என் வரிசை எண் இங்கிருந்து தொடங்கும்" என்று ஒரு பாக்கெட் அனுப்புகிறது. ஒத்திசைவைக் குறிக்கும் கொடி அதில் ஏற்றப்பட்டிருப்பதால் அதன் பெயர் சின். சர்வர் அதற்குப் பதிலாக, "உன் எண் கிடைத்தது, என் வரிசை எண் இங்கிருந்து தொடங்கும்" என்று இரண்டு செய்திகளையும் ஒரே பாக்கெட்டில் சேர்த்து அனுப்புகிறது, அது சின்-அக். கேட்ட கணினி, "உன் எண்ணும் கிடைத்தது" என்று ஏற்பைத் தெரிவித்து அனுப்பும் மூன்றாவது பாக்கெட் அக். இருவர் தத்தம் எண்ணைச் சொல்வதும் அவற்றுக்கு ஏற்பு பெறுவதும் உண்மையில் நான்கு செய்திகள். நடுவில் உள்ள இரண்டும் ஒரே உறையில் பயணம் செய்வதால் மூன்று பாக்கெட்டில் முடிகிறது.

இரண்டோடு நிறுத்தினால் என்ன என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. நிறுத்தினால், தன் எண் மறுபக்கம் போய்ச் சேர்ந்ததா என்பது சர்வருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சற்று முன்பே முடிந்துபோன ஓர் இணைப்பின் சின் பாக்கெட், வலையமைப்பின் ஏதோ ஒரு மூலையில் சிக்கித் தாமதமாகி இப்போது சர்வரை வந்தடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்ட முறையில் சர்வர் அதை நம்பி, யாருமே கேட்காத ஓர் இணைப்பைத் திறந்து வைத்துவிடும். மூன்று கட்ட முறையில் சர்வர் சின்-அக் அனுப்பியதும், அதைப் பெறும் கணினி "இந்த எண்ணை நான் அனுப்பவே இல்லையே" என்று கண்டு, ரீசெட் என்னும் மறுப்புப் பாக்கெட்டை அனுப்பிவிடும், சர்வரும் விட்டுவிடும். மூன்று கட்டம் வைத்ததன் முதன்மைக் காரணம் இதுவே என்று, 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்து வெளிவந்த ஆர்எஃப்சி 793 என்னும் டிசிபி ஆவணமே சொல்கிறது. அந்த ஆவணம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்து, 2022 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9293 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. முதல் மூன்று பாக்கெட்டின் முறை மாறவில்லை.

மாமாவின் தாளில் எண்கள் கலைந்திருந்ததற்கும் டிசிபியில் ஓர் இணை உண்டு. வரிசை எண் 32 பிட் கொண்டது, அதாவது 0 முதல் 4,294,967,295 வரை. தொடக்க காலத்தில் இதை ஏறத்தாழ நான்கு மைக்ரோவிநாடிக்கு ஒன்று கூடும் கடிகாரத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். கடிகாரம் என்றால் அடுத்த எண்ணை ஊகிக்கலாம். ஊகிக்க முடிந்தால், சர்வர் தரும் பதிலைப் பார்க்காமலேயே வேறொருவர் பெயரில் மூன்றாவது பாக்கெட்டை அனுப்பி இணைப்பை முடித்துவிடலாம். இந்த ஓட்டையை 1985லேயே ராபர்ட் மோரிஸ் எழுதிக் காட்டினார். 1994 கிறிஸ்துமஸ் நாளில் கணினிப் பாதுகாப்பு வல்லுநர் சுடோமு ஷிமோமுராவின் கணினிகள் மீது நடந்த தாக்குதலில் அது கையாளப்பட்டது. அதன் பிறகுதான் தொடக்க எண்ணை ஊகிக்க முடியாதபடி தேர்வதில் எல்லோரும் தீவிரமானார்கள்.

ரயில் உவமை ஓர் இடத்தில் உடைந்துவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். லைன் கிளியர் கிடைத்தால் பாதை அந்த ரயிலுக்கே ஒதுக்கப்படும். டிசிபியில் நடுவழியில் எதுவும் ஒதுக்கப்படுவதில்லை. வழியிலுள்ள ஸ்விட்சுக்கும் சாதாரண ரூட்டருக்கும் இப்படியோர் இணைப்பு இருப்பதே தெரியாது. இணைப்பு என்பது இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் நினைவகத்தில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு, அவ்வளவுதான். இதை நீங்களே சோதிக்கலாம்: இரண்டு கணினிகளும் வெவ்வேறு ஸ்விட்சில் இருக்கும்போது, இணைப்பு ஏற்பட்ட பின் ஸ்விட்சுகளுக்கு இடையிலான கேபிளைப் பத்து விநாடி பிடுங்கிவிட்டு மறுபடியும் செருகுங்கள். இரு முனைகளிலும் இணைப்பு உயிரோடு இருப்பதாகவே காட்டும், விட்ட இடத்திலிருந்து வேலையும் தொடரும். கணினியிலேயே கேபிளைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். விண்டோஸ் தன் முகவரியையே கீழே போட்டுவிடக்கூடும், சோதனை வேறாகிவிடும்.

கண்ணால் பார்க்கும் முறை

வயர்ஷார்க் என்னும் இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். 1998இல் ஈதரியல் என்ற பெயரில் வந்து 2006இல் பெயர் மாறியது. நிறுவும்போது என்பிகேப் என்ற துணை மென்பொருளையும் நிறுவவா என்று கேட்கும்; ஆம் என்று சொல்ல வேண்டும், அது இல்லாமல் பாக்கெட்டைப் பிடிக்க முடியாது. உங்கள் பொறுப்பில் உள்ள வலையமைப்பில் மட்டும் இதைச் செய்யுங்கள். மற்றவர் வலையமைப்பில் அனுமதியில்லாமல் பாக்கெட் பிடிப்பது அத்துமீறல்.

திறந்ததும் கணினியின் வலையமைப்பு அட்டைகள் பட்டியலாக வரும். பக்கத்தில் அலைபோல் ஏறி இறங்கும் கோடு எதில் இருக்கிறதோ அதுதான் இயங்கும் அட்டை. அதை இருமுறை சொடுக்கியதும் பாக்கெட்டுகள் மழைபோல் கொட்டத் தொடங்கும். பதற வேண்டாம். மேலே உள்ள வடிகட்டிப் பெட்டியில் டிசிபி என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால் கூட்டம் குறையும். சர்வர் முகவரியைக் கொண்டும் வடிகட்டினால் உங்களுக்கு வேண்டியது மட்டும் நிற்கும். இப்போது பில்லிங் மென்பொருளைத் திறந்து இணைப்பை முயலுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் வருவது மூன்று வரிகள். எடுத்துக்காட்டாக, கவுன்ட்டர் 192.168.1.23, சர்வர் 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி: 23இன் 51844ஆம் போர்ட்டிலிருந்து 10இன் 3306ஆம் போர்ட்டுக்கு, சின், வரிசை எண் 2871564038. இரண்டாவது வரி: 10இலிருந்து 23க்கு, சின்-அக், வரிசை எண் 914027755, ஏற்பு எண் 2871564039. மூன்றாவது வரி: 23இலிருந்து 10க்கு, அக், ஏற்பு எண் 914027756. ஏற்பு எண் ஒவ்வொன்றும் மறுபக்கம் தந்த எண்ணைவிட ஒன்று கூடியிருப்பதைக் கவனியுங்கள். "இதுவரை கிடைத்தது, அடுத்து இந்த எண்ணை எதிர்பார்க்கிறேன்" என்பது அதன் பொருள். சின் பாக்கெட்டில் தரவு ஏதும் இல்லாவிட்டாலும் அது ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும்.

உங்கள் திரையில் இந்தப் பெரிய எண்களுக்குப் பதிலாக 0, 0, 1, 1 என்று தெரிந்தால் தவறில்லை. படிப்பவர் வசதிக்காக வயர்ஷார்க் எண்களைப் பூச்சியத்திலிருந்து மாற்றிக் காட்டுகிறது. அமைப்புகளில் டிசிபி நெறிமுறையின் பகுதிக்குள் போய் ஒப்பீட்டு வரிசை எண் என்ற குறியை எடுத்துவிட்டால் உண்மையான எண்கள் தெரியும். ஒருமுறையாவது எடுத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. முதல்முறை கற்பவர்களில் பலர் வரிசை எண் எப்போதும் 0இலிருந்துதான் தொடங்கும் என்று நம்பிவிடுவதற்கு இந்த வசதியே காரணம்.

சின் வரியைச் சொடுக்கிக் கீழே விரித்தால் மேலும் சில ஒப்பந்தப் பேச்சுகள் தெரியும். ஒரே பாக்கெட்டில் எவ்வளவு தரவு வரலாம் என்பதை இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும்: சாதாரண ஈதர்நெட்டில் 1460 பைட், ஏனென்றால் 1500 பைட்டில் ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20 என்று கழிந்துவிடும். வீட்டு இணைப்புகளில் பிபிபிஓஇ முறை இருந்தால் அதற்கும் 8 பைட் போய் 1452 ஆகும். ஒரே மூச்சில் தாங்கக்கூடிய தரவின் அளவாகப் பின்னர் சொல்லப்படும் எண்ணை எத்தனை மடங்காகப் பெருக்கிப் படிக்க வேண்டும் என்பதும் இங்கேயே சொல்லப்படும். இவை சின் தாங்கிய பாக்கெட்டுகளில் மட்டுமே பேசப்படும், பிறகு பேச இடமில்லை.

மூன்று வரிகளுக்குப் பின் முதலில் வாய் திறப்பவர் யார் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். வலைத்தளத்தில் உலாவிதான் முதலில் கேட்கும். மைஎஸ்கியூஎல்லில் சர்வரே முதலில் தன் பதிப்பைச் சொல்லி வரவேற்கும். எனவே மூன்று வரிகளும் வந்து, அதன் பிறகு "இந்தக் கணினிக்கு அனுமதி இல்லை" என்றோ கடவுச்சொல் தவறு என்றோ பிழை வந்தால், வலையமைப்பில் குற்றம் இல்லை. கேபிளை விட்டுவிட்டுத் தரவுத்தளத்தின் பயனர் அனுமதிகளைப் பாருங்கள்.

ராஜா இல்லாத கோட்டை

இனிப் பதில் சரியாக வராத நிலைகள். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981இல், ஆர்எஃப்சி 793 வந்த அதே ஆண்டில், லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டுவிட்டதால் நடுப்பகுதி இப்போது பொருந்தாது. மற்ற இரண்டையும் கணினிக்குக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

கோட்டை இருக்கிறது, ராஜா இல்லை என்பது ரீசெட் வரும் நிலை. கணினி ஓடிக்கொண்டிருக்கிறது, பாக்கெட் அதனிடம் போய்ச் சேர்ந்தது, ஆனால் அந்தப் போர்ட்டில் காது கொடுக்கும் மென்பொருள் எதுவும் இல்லை. எனவே கணினியே ரீசெட் அனுப்பி மறுக்கிறது. வயர்ஷார்க்கில் இது கருஞ்சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்தாகப் பளிச்சென்று தெரியும். விண்டோஸ் ஒரு ரீசெட்டோடு ஓய்ந்துவிடாது. ஏறத்தாழ அரை விநாடி இடைவெளியில் மேலும் சில முறை கேட்டுப் பார்க்கும், ஆகவே சின்னும் ரீசெட்டும் இணை இணையாக வந்தால் வியப்பு வேண்டாம்.

ரீசெட் வந்தால் சர்வர் கணினியில் போய் உட்காருங்கள். கட்டளைச் சாளரத்தில் நெட்ஸ்டாட் கட்டளையை, ஒரு சிறுகோட்டையடுத்து ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகளோடு இயக்கினால், எந்தெந்தப் போர்ட்டில் மென்பொருள் காத்திருக்கிறது, அதன் செயல்முறை எண் என்ன என்ற பட்டியல் வரும். உங்கள் போர்ட் அதில் இல்லையென்றால் சர்வர் மென்பொருள் ஓடவில்லை. இருந்தால், அதன் முன்னுள்ள முகவரியைப் படியுங்கள். 0.0.0.0 என்றிருந்தால் எல்லோரிடமிருந்தும் இணைப்பை ஏற்கும். 127.0.0.1 என்றிருந்தால் அதே கணினிக்குள் இருந்து வருபவரை மட்டுமே ஏற்கும். சர்வரில் சோதித்தால் வேலை செய்யும், கவுன்ட்டரிலிருந்து மறுக்கப்படும். என் அனுபவத்தில், புதிதாக நிறுவிய தரவுத்தளங்களில் பாதி நேரம் இதுதான் குற்றவாளி.

தண்ணீர் இல்லாத ஆறு என்பது மௌனம். சின் போகிறது, எதுவும் திரும்பவில்லை. ஒரு விநாடி பொறுத்து அதே சின் மறுபடியும் போகும், பிறகு இரண்டு விநாடி, நான்கு, எட்டு என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். முதல் காத்திருப்பை ஒரு விநாடியாகக் குறைத்தது 2011ஆம் ஆண்டின் ஆர்எஃப்சி 6298. அதற்கு முன் மூன்று விநாடி. வயர்ஷார்க்கில் இந்த மறு அனுப்பல்கள் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் வரும். விண்டோஸ் ஏறத்தாழ 21 விநாடியில் கைவிடும். பல லினக்ஸ் கணினிகள் இரண்டு நிமிடத்துக்கும் மேல் விடாது முயலும். திரையில் வெகுநேரம் மணற்கடிகாரம் சுற்றிய பின் பிழை வந்தது என்று யாராவது சொன்னால் மௌனம் என்றும், உடனே வந்தது என்றால் ரீசெட் என்றும் தொலைபேசியிலேயே ஊகிக்கலாம்.

மௌனத்தைத்தான் கவனமாகப் பிரிக்க வேண்டும். சர்வர் ஒரே உள்வலையமைப்பில் இருந்தால், டிசிபி வடிகட்டியை எடுத்துவிட்டு ஏஆர்பியைப் பாருங்கள். "192.168.1.10 யாரிடம் இருக்கிறது?" என்ற கேள்வி பதிலின்றித் திரும்பத் திரும்ப வந்தால், சர்வர் அணைந்திருக்கிறது, அல்லது கேபிளோ ஸ்விட்சோ செத்திருக்கிறது, அல்லது அந்த முகவரியே அதனிடம் இல்லை. கேபிளைத் தொட வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான். ஏஆர்பிக்குப் பதில் வந்து, சின்னும் போய், அதன் பிறகு மௌனம் என்றால், கணினி உயிரோடு இருக்கிறது, எவரோ வாயைப் பொத்தியிருக்கிறார்கள், அதாவது எந்தப் பாக்கெட்டை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யும் காவல் மென்பொருளான ஃபயர்வால். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதியில்லாத சின்னை மறுத்துச் சொல்லாமல் விழுங்கிவிடும். போர்ட்டில் ஆள் இல்லாதபோது போக வேண்டிய ரீசெட்டைக்கூட அது தடுத்துவிடும் என்பதால், ஃபயர்வால் ஓடும் விண்டோஸ் சர்வரிடமிருந்து ரீசெட் வருவதே அரிது. இதை மறந்துவிட்டால் கோட்டையில் ராஜா இருக்கிறாரா என்று தெரியாமல் ஆற்றில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஃபயர்வாலில் விதி இருந்தும் மௌனமாக இருந்தால், சமீபத்தில் ரூட்டரை மாற்றினீர்களா என்று கேளுங்கள். ரூட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பு என்று எண்ணிப் பொது இடம் என்ற வகையில் சேர்த்துவிடக்கூடும். தனிப்பட்ட வகைக்கு மட்டும் எழுதிய விதி அப்போது வேலை செய்யாது. வகையை மாற்றினால் போதும். ஃபயர்வாலையே முழுவதும் அணைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று கிளம்புவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

இதற்கும் மசியாவிட்டால் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் பாக்கெட் பிடியுங்கள். என்பிகேப் ஃபயர்வாலுக்கு முன்பே பாக்கெட்டைப் பார்த்துவிடும் என்பதால், சர்வர் பக்கத்தில் சின் தெரிந்து பதில் புறப்படவில்லை என்றால் தடை சர்வருக்குள்ளேயே இருக்கிறது. சின்-அக் புறப்பட்டும் கவுன்ட்டருக்கு வந்து சேரவில்லை என்றால் திரும்பும் வழி கெட்டிருக்கிறது. சர்வரில் இரண்டு வலையமைப்பு அட்டைகளோ தவறான சப்நெட் மாஸ்க்கோ இருக்கிறதா பாருங்கள். சர்வர் பக்கத்துக்குச் சின்னே வரவில்லை என்றால் கோளாறு நடுவழியில்.

வயர்ஷார்க் இல்லாத கணினியில் விரைந்து சோதிக்க, பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளைக்கு முகவரியையும் போர்ட்டையும் கொடுங்கள். அது உண்மையான சின்னை அனுப்பிப் பார்த்து இணைப்பு கிடைத்ததா இல்லையா என்று சொல்லும். பிங் கட்டளை இதற்குப் போதாது. அது ஐசிஎம்பி என்ற வேறு வழியில் போகிறது, போர்ட் என்பதே அதற்குத் தெரியாது. பிங் வருகிறது, எனவே வலையமைப்பு நன்றாக இருக்கிறது என்று வாதிட்டவர்களோடு எத்தனையோ மணி நேரம் போயிருக்கிறது.

தூரமும் நேரமும்

சின் போய்ச் சின்-அக் வந்து சேரும் ஒரு சுற்று முடியும் முன் கேட்பவர் ஒரு பைட் தரவும் அனுப்புவதில்லை என்பது பொது வழக்கு. எனவே தூரம் இங்கே நேரமாக மாறுகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் உள்ள சென்னைக்கு நேராக இழை போட்டிருந்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிவிநாடி, வழியிலுள்ள கருவிகள் இதைச் சற்றுக் கூட்டும். ஒரு சுற்றுக்கு 250 மில்லிவிநாடி ஆகும் அமெரிக்கச் சர்வர் என்றால் கணக்கு வேறு. டிசிபிக்கு ஒரு சுற்று, அதன் மேல் மறைகுறியாக்கத்துக்கு டிஎல்எஸ் 1.2 என்றால் இரண்டு சுற்று, பிறகு கேள்விக்கும் விடைக்கும் ஒன்று. முதல் எழுத்து திரையில் வரும் முன்பே ஒரு விநாடி போய்விடும். 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3 அதில் ஒரு சுற்றைக் குறைத்தது. 2021இல் தரமான க்விக் நெறிமுறை டிசிபியையே விட்டு, கைகுலுக்கல் இல்லாத யுடிபி என்ற வேறொரு நெறிமுறையின் மேல் ஏறி, இணைப்பையும் மறைகுறியாக்கத்தையும் ஒரே சுற்றில் முடிக்கிறது. நீங்கள் பார்க்கும் தளம் க்விக்கில் ஓடினால் டிசிபி வடிகட்டியில் ஒன்றும் தெரியாது, அதையும் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள்.

வெளியிலிருந்து சர்வரை அணுக விட்டிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சின் வந்ததும் சர்வர் அதை அரைகுறை இணைப்பாகக் குறித்து வைத்து மூன்றாவது பாக்கெட்டுக்காகக் காத்திருக்கும். அந்தக் குறிப்புக்கு இடம் குறைவு. மூன்றாவதை அனுப்பும் எண்ணமே இல்லாமல் சின்களை மட்டும் வெள்ளமாக அனுப்பினால் உண்மையான வாடிக்கையாளருக்கு இடம் இருக்காது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் இணையச் சேவை இப்படித்தான் முடக்கப்பட்டது. அதே ஆண்டில் டேனியல் பெர்ன்ஸ்டீன் தந்த தீர்வு சின் குக்கி: எதையும் குறித்து வைக்காமல், குறிப்பையே தன் வரிசை எண்ணுக்குள் கணக்காக ஒளித்து அனுப்பிவிட்டு, மூன்றாவது பாக்கெட்டில் அது திரும்பி வந்தால் மட்டும் இணைப்பைத் திறப்பது. லினக்ஸில் இது பெரும்பாலும் முன்பே இயங்கும் நிலையில் இருக்கும், அணைத்துவிடாதீர்கள்.

கடைக்குத் திரும்புவோம். ஒரு கவுன்ட்டரில் வயர்ஷார்க்கைத் திறந்து பில்லிங் மென்பொருளை இயக்கினேன். சின் போனது; ஒரு மில்லிவிநாடிகூட ஆகாமல் ரீசெட் வந்தது. விண்டோஸ் சர்வர், ஃபயர்வாலும் ஓடுகிறது என்று அந்த இளைஞர் உறுதியாகச் சொன்னார். அப்படியென்றால் ரீசெட் வரக் கூடாதே என்று ஏஆர்பி பட்டியலைப் பார்த்தேன். 192.168.1.10க்கு எதிரே இருந்த வன்பொருள் முகவரியின் முதல் மூன்று இணைகள், சர்வரின் அட்டையில் ஒட்டியிருந்தவற்றோடு ஒத்துப்போகவில்லை. அவை கல்லாவுக்கு மேலே கண்காணிப்புக் கேமராக்களின் படத்தைப் பதியும் பெட்டியைச் செய்தவருக்கு உரியவை.

முந்தின இரவு மின்சாரம் போய் வந்திருக்கிறது. ரூட்டர் யாருக்கு எந்த முகவரி தந்தோம் என்பதை மறந்து எழுந்திருக்கிறது. கேமரா பெட்டி சர்வரைவிட வேகமாக எழுந்து 10ஆம் முகவரியை வாங்கிக்கொண்டது. பின்னால் எழுந்த சர்வருக்கு 10 மறுக்கப்பட்டு 14 கிடைத்தது. நான்கு கவுன்ட்டர்களும் கேமரா பெட்டியிடம் போய்த் தரவுத்தளம் கேட்டுக்கொண்டிருந்தன. அதுவும் தன் கடமையாக ஒவ்வொரு முறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. "இந்தப் பொட்டியாண்ணா பதில் சொல்லுது?" என்று அந்த இளைஞர் மேலே பார்த்துக் கேட்டார். ரூட்டரின் அமைப்பில் சர்வரின் வன்பொருள் முகவரிக்கு 10ஐ நிரந்தரமாக ஒதுக்கி, கேமரா பெட்டியை 50க்கு நகர்த்தி, இரண்டையும் மறுபடியும் இயக்கி, கவுன்ட்டர்களில் பழைய ஏஆர்பி பதிவைத் துடைத்தோம். வயர்ஷார்க் திரையில் மூன்று வரிகள் வந்தன. நான்காவதாக மைஎஸ்கியூஎல்லின் வரவேற்பு வந்தது. மென்பொருளை அழித்து நிறுவியிருந்த கவுன்ட்டருக்கு மட்டும் பிரின்டர் அமைப்புகளை மறுபடியும் செய்ய இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.